கல்விக் கடனை விற்கும் முன் கணக்கைச் சரிபாருங்கள்

கன்னியாகுமரி மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவினருக்கு,

வணக்கம். வாராக் கல்விக் கடன்களை, அவற்றை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு வங்கிகள் தொகுப்பாக விற்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. 90 நாளுக்கு மேல் நிலுவையான கல்விக் கடன் பிணையில்லாதது என்றால் முதலாண்டில் 25 விழுக்காடும், அதன்பின் முழுத்தொகையும் நட்டத்துக்கு ஈடாக வங்கி ஒதுக்க வேண்டியிருக்கிறது. விற்றால் அந்தச் சுமை இறங்கும்.

ஆனால் விலையில் 15 விழுக்காட்டை ரொக்கமாகவும் 85 விழுக்காட்டைச் செக்யூரிட்டி ரசீதாகவும் (கடன் வசூலாக வசூலாகப் பணம் தரும் பத்திரம்) வாங்கினால் இறங்காது. வசூல் குறைந்தால் ரசீதின் மதிப்பும் குறையும். நட்டம் வங்கிக்கே திரும்பிவரும். முழு ரொக்கத்துக்கு மட்டும் விற்கும்படி உங்கள் தலைமை அலுவலகங்களுக்கு எழுதுங்கள்.

பெரிய பிழை நிலுவைத் தொகையில்தான் இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்க வேண்டும். கணினியில் படிப்புக்காலத்தை ஓராண்டு குறைத்துப் பதிந்துவிட்டால், நல்ல கணக்கு ஓராண்டு முன்னதாகவே வாராக் கடனாகிவிடுகிறது. மைய அரசின் வட்டி மானியம் வரவு வைக்கப்படாமலோ, பெற்றோர் கட்டிய தொகை கடன் கணக்கில் சேராமல் வங்கியின் தற்காலிக இடைக்கணக்கில் தேங்கியோ கிடப்பதும் உண்டு. விற்றபின் இவற்றைத் திருத்துவது கடினம். வாங்கிய நிறுவனத்தின் கையில் பெரும்பாலும் ஒரு எக்செல் பட்டியல்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் அனுமதிக் கடிதம், படிப்பு முடிந்த மாதம், மானிய வரவு, இடைக்கணக்கு ஆகிய நான்கையும் கிளையே ஒப்பிட்டுக் கையொப்பமிட்ட பிறகுதான் கோப்பு வெளியே போக வேண்டும்.

அடுத்தது விலை. நூறு ரூபாய்க் கடனை நிறுவனம் நாற்பதுக்குக் கேட்கிறது என்றால், அதே நாற்பதை ஒரே தவணைத் தீர்வாகக் குடும்பத்திடம் முதலில் கேளுங்கள். இரண்டு பருவமழையிலும் பால்வெட்டு நின்றுபோகும் ரப்பர் தொழிலாளி வீட்டுக்கு மூன்று மாத அவகாசமாவது வேண்டும்.

விற்ற செய்தியைக் கடனாளிக்குத் தெரிவிப்பதை, வங்கிக் கடன் விற்பனைக்கும் பிணைச் சொத்தைக் கைப்பற்றவும் வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 6-ஆம் பிரிவு கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு தாய், முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் மிரட்டும்போதுதான் கடன் கைமாறியதையே அறிகிறார். பிணையில்லாத கடனுக்கு அந்தச் சட்டப்படி வீட்டைக் கைப்பற்ற வழியில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் எழுதுங்கள்: வாங்கியவர் பெயர், விற்ற தேதி, அன்றைய நிலுவை, புகார் அலுவலர் எண். தமிழில், பதிவுத் தபாலில்.

கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் ஒரே கடன் வங்கி, வாங்கிய நிறுவனம் என இரு பெயர்களில் நின்றுவிட்டால், வெளிநாடு போகும் செவிலியருக்கு அடுத்த கடன் கிடைப்பது கடினம். இத்தகைய பதிவுப் பிழை குறித்த புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பதைக் கிளைகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இவற்றை அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
கடன் ஆலோசனைப் பணியிலுள்ளோர்,
நாகர்கோவில்