வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தவர்களுக்கு

தெருவில் உள்ள எல்லோருக்கும், பட்டறை அண்ணன்மாருக்கும், கணக்கு டீச்சர் அக்காவுக்கும், படிப்பகத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

படிப்பக மாடியில் பிள்ளைகளுக்காகச் செய்துகொண்டிருந்த ஸ்லாட் கார் ஓடுதளம் முடிந்துவிட்டது. கார் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் காரைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "ஓரத்துல இந்த வெள்ளைக் கோட்டை எப்படிங்க இத்தனை சுத்தமா போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்கு நான் ஒருவனே பதில் சொல்லிக்கொண்டு நிற்பது நியாயமில்லை. அந்தக் கோட்டில் எத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரிய வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குப் புரிந்துவிடும்.

ஸ்லாட் கார் என்றால் என்ன என்று இன்னமும் கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம் ஒன்று, நீளமாக ஓடும். காரின் அடியில் இருக்கும் சின்னத் தகடு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இரு பக்கமும் ஒட்டிய செம்புப் பட்டையிலிருந்து மின்சாரம் மோட்டாருக்குப் போகும். கையில் இருக்கும் விசையை அழுத்துகிற அளவுக்கு வேகம். வளைவில் அதிகமாக அழுத்தினால் கார் காடியை விட்டு வெளியே பறந்துவிடும். இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டி விளையாடுவது ஒரு வகை. மரப்பலகையில் நாமே காடி எடுத்துச் செய்வது இன்னொரு வகை. நாம் செய்தது இரண்டாவது.

பையன்கள் முதலில் செட்டிபாளையத்துக் கார் பந்தயத் தளமான கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அது 2.1 கிலோமீட்டர். நம் கார்கள் நிஜக் காரில் 32-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் சுருக்கினாலும் 65 மீட்டருக்கு மேல் வருகிறது, மாடி தாங்காது. அதனால் வளைவுகளின் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

காரை நடத்துவது காடி. அப்படியிருக்க ஓரத்தில் கோடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஓட்டுகிற பிள்ளை பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. எதிர்முனை வளைவில் இருக்கும் 3 மில்லிமீட்டர் காடி அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கோடுதான் தெரியும். எங்கே வளைகிறது, எவ்வளவு இறுக்கமாக வளைகிறது, எங்கே விசையை விட வேண்டும் என்பதையெல்லாம் கண் அந்தக் கோட்டை வைத்தே முடிவு செய்கிறது. நிஜப் பந்தயத் தளங்களிலும் ஓரக் கோடு கட்டாயம். குறைந்தது 10 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், வழுக்காத பெயிண்டாக இருக்க வேண்டும் என்று உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதி சொல்கிறது. 10 சென்டிமீட்டரை 32-ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டரும் கொஞ்சமும். அந்த 3 மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை பேரைத் தொந்தரவு செய்தேன்.

முதல் நன்றி ஆசாரி ஐயாவுக்கு. மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் ரவுட்டர் மெஷினை ஓட்டி 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். காடி நெளிந்தால் அதை ஒட்டிப் போகும் எல்லாமே நெளியும் என்று சொல்லி, ஒவ்வொரு பலகை முடிந்ததும் அதன் நுனியில் தாடையை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். மேலிருந்து பார்த்தால் தெரியாத நெளிவு அப்படிப் பார்த்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது படிப்பகத்துப் பொடிசுகள்கூட எதை எடுத்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். பலகையின் வெட்டு முகம் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்று சொல்லி, அங்கெல்லாம் சீலர் பூசி உப்புத்தாள் போட்டதும் அவர்தான். அது இல்லாவிட்டால் அடுத்து வந்த யாருடைய வேலையும் எடுபட்டிருக்காது.

அடுத்தது டீச்சர் அக்காவும் லேத் பட்டறை அண்ணனும். இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காடியிலிருந்து எல்லா இடத்திலும் 60 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு போக வேண்டும். நேர்ப்பகுதியில் ஸ்கேல் வைத்துவிடலாம். வளைவில் என்ன செய்வது? காடிக்குள்ளேயே ஓடுகிற ஒரு கருவி இருந்தால் கோடு தானாகக் காடியைப் பின்பற்றும் என்பது யோசனை. கீழே ஓர் ஊசி, மேலே ஒரு கை, கையின் நுனியில் பென்சில். டீச்சர் அக்கா அதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டு ஓர் ஊசி போதாது என்றார். ஓர் ஊசி என்றால் கை முன்னும் பின்னும் ஆடும், கோடு உள்ளேயும் வெளியேயும் போகும். இரண்டு ஊசி வேண்டும், கை இரண்டுக்கும் சரியாக நடுவில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வளைவில் கை எப்போதும் வட்டத்தின் மையத்தை நோக்கியே நிற்கும். ஊசிகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் வைத்தால் நம்முடைய மிக இறுக்கமான வளைவில்கூடக் கோடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் விலகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். வட்டத்தின் நாண் எதற்கு உதவும் என்று இனி அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தாளைக் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொடுத்தேன். பம்புசெட் வேலை மலையாகக் குவிந்து கிடந்த நேரம். அண்ணன் தாளைப் பார்த்தார், காடியில் விட்டுப் பார்க்க ஒரு துண்டுப் பலகை கேட்டார். பித்தளையில் 2.8 மில்லிமீட்டருக்கு இரண்டு ஊசி கடைந்து, நுனியை வழவழப்பாக்கி, அக்ரிலிக் பட்டையில் பொருத்திக் கொடுத்தார். காடி 3 மில்லிமீட்டர், ஊசி 2.8. அந்த இடைவெளிதான் விஷயம். இன்னும் பருமனாக இருந்தால் வளைவில் சிக்கும், மெலிந்தால் ஆடும். கையில் எடுத்து ஓட்டிப் பார்த்தபோது எங்கும் தட்டாமல் போன அந்த சுகத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அண்ணா, உங்கள் பட்டறையிலிருந்து எத்தனையோ பெரிய சாமான்கள் போயிருக்கும். இந்தச் சின்னச் சாமானுக்கு நீங்கள் கொடுத்த கவனத்தை நான் மறக்க மாட்டேன்.

இனி டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைத் தம்பி. பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டுகிற சாதாரண மாஸ்கிங் டேப் காகிதம். வளைவில் ஒட்டினால் உள்பக்கம் சுருங்கிக்கொண்டு நிற்கும், அந்தச் சுருக்கத்தின் வழியாகப் பெயிண்ட் உள்ளே இறங்கும். காருக்கு இரண்டு நிறம் அடிக்கும்போது பயன்படுத்துகிற 3 மில்லிமீட்டர் வினைல் டேப்பைத் தம்பிதான் கொண்டுவந்து காட்டினார். இழுத்து வளைத்தால் அது சுருங்காமல் வளைகிறது. மாஸ்கிங் டேப் பிறந்ததே கார் பெயிண்டர்களுக்காகத்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்துப் பட்டறைகளில் இரண்டு நிறம் பிரியும் இடத்தில் பெயிண்டர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925-இல் செய்தது அது. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து நம் பீளமேட்டுப் பட்டறைத் தம்பி ஒருவர் அதே வேலைக்காக அதன் வழித்தோன்றலைக் கையில் வைத்திருக்கிறார்.

தம்பி சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் செய்கிறவர்கள் யாருக்காவது உதவும். சாம்பல் நிறச் சாலையை அடித்துவிட்டு அதன்மேல் வெள்ளைக் கோடு போடத்தான் எல்லோருக்கும் தோன்றும். தம்பி அதைத் திருப்பிப் போட்டார். கோடு வரப்போகும் இடம் முழுக்க முதலில் பளபளக்காத (மேட்) வெள்ளை எமல்ஷன். காய்ந்த பிறகு ஊசிக் கருவியால் பென்சில் கோடு. பென்சில் கோட்டை மறைக்காமல் அதைத் தொட்டாற்போல 3 மில்லிமீட்டர் டேப். ஸ்பூனின் முதுகால் விளிம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் முக்கியமான வேலை: டேப்பின் விளிம்பில் இன்னொரு முறை வெள்ளையையே மெல்லிசாகப் பூச வேண்டும். எங்காவது இடுக்கு இருந்தால் அதற்குள் வெள்ளை போய் அடைத்துக்கொள்ளும், வெள்ளைக்கு மேல் வெள்ளை என்பதால் வெளியே தெரியாது. அதன் பிறகு சாம்பலை ஸ்பாஞ்ச் ரோலரால் இரண்டு முறை உருட்டினோம். பென்சில் கோடு சாம்பலுக்கு அடியில் போய்விட்டது. பெயிண்ட் முழுக்க இறுகுவதற்கு முன் டேப்பைத் தன்மேலேயே மடித்து, தாழ்வாக, நிதானமாக உரித்தால் கத்தியால் வெட்டியது மாதிரி விளிம்பு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோடு சாலையைவிட ஒரு பொட்டு தாழ்ந்து இருக்கிறது. டயர் அதன்மேல் ஏறும்போது தட்டுவதில்லை. மேலே வெள்ளை அடித்திருந்தால், அடியில் இருக்கும் சாம்பலை மறைக்கவே மூன்று நான்கு பூச்சு தேவைப்பட்டு, கோடு ஒரு மேடாக நின்றிருக்கும்.

டேப் போக முடியாத இடங்கள் மிச்சம் இருந்தன. பலகையும் பலகையும் சேரும் மூட்டு, பிட் பாதை (கார்கள் ஒதுங்கி நிற்கப் போகும் கிளைப் பாதை) சாலையை விட்டுப் பிரிகிற இடத்தில் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிகிற கோடு, பந்தயம் தொடங்கும்போது கார்கள் நிற்கும் தொடக்கக் கட்டங்கள். இங்கேதான் லாரி பெயிண்டர் அண்ணன் வந்தார். திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை பழகியவர். வந்ததும் எங்கள் பிரஷ்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் பையிலிருந்து நீள முடிப் பிரஷ் ஒன்றை எடுத்தார். அதன் முடி அவருடைய ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். லாரிக்கு எனாமல்தான் அடிப்பார். இங்கே எனாமல் பளபளக்கும், டயர் வழுக்கும் என்று நாங்கள் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் எமல்ஷனை எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பழைய டைல்ஸ் துண்டு ஒன்றில் பிரஷைப் புரட்டிப் புரட்டிப் பதம் பார்த்தார். பெயிண்ட் முடியின் நுனிவரை ஒரே சீராக ஏறியதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் புரட்டல். பதம் வந்ததும் சுண்டு விரலைப் பலகையின் விளிம்பில் ஊன்றினார். விரல் விளிம்போடு வழுக்கிக்கொண்டு போகிறது, பிரஷ் அதன் கூடவே வருகிறது. மூச்சை விடாமல் ஒரே இழுப்பு. மூட்டு எங்கே இருந்தது என்று தேட வேண்டியதாகிவிட்டது.

பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை ஒருத்தி, "கை நடுங்காதா அண்ணா?" என்று கேட்டாள். "பிரஷ் நுனியைப் பாக்காத கண்ணு, போய்ச் சேர வேண்டிய எடத்தைப் பாரு, கை தானா போகும்" என்று சொல்லி அவள் கையிலேயே பிரஷைக் கொடுத்தார். மூன்றாவது தொடக்கக் கட்டத்தின் இடப்பக்கக் கோடு அவள் போட்டது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோடு மற்றவற்றைவிட ஒரு மயிரிழை தடிமன். அப்படியே இருக்கட்டும் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டோம்.

அண்ணன் அன்று அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். படிப்பகக் கணக்கிலிருந்து அவர் கூலியைக் கொடுத்தோம், அவரும் வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி. தெரிந்தவர் என்பதற்காகக் கைத்தொழில்காரரிடம் சும்மா வேலை வாங்குவது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. அது நல்ல பழக்கம் இல்லை. கூலி கொடுத்துவிட்டோம் என்பதால் நன்றி தீர்ந்துவிடாது, அதனால்தான் இந்த மடலில் அவருக்கு இத்தனை வரி.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவின் யோசனை சின்னது, பலனோ பெரிது. ரோலர் உருட்டும்போது பெயிண்ட் காடிக்குள் இறங்கிவிட்டால் பிறகு கார் திக்கும். தாத்தா காடிக்குள் அடங்குகிற பருத்திக் கயிறு கொண்டுவந்து சுற்று முழுக்க அழுத்திவிட்டார். பெயிண்ட் வேலை முடிந்ததும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தோம், காடி சுத்தமாக இருந்தது. செம்புப் பட்டையை அதற்குப் பிறகுதான் ஒட்டினோம். மழை நாட்களில் பெயிண்ட் காயாமல் நாங்கள் தவித்தபோது, ஃபேனைத் திருப்பி வைத்தால் தூசி வந்து ஒட்டும், பொறுத்திருங்கள் என்று தடுத்தவரும் தாத்தாதான்.

வளைவுகளில் சிவப்பு வெள்ளைக் கரைகள் முழுக்கப் பிள்ளைகள் அடித்தவை. துடைக்கப் பழைய வேட்டித் துணி கொடுத்த வீடுகளுக்கும், மாடி முழுக்கப் பெயிண்ட் வாசம் அடித்தும் முகம் சுளிக்காத பத்திரிகை படிக்கும் பெரியவர்களுக்கும், சாயங்காலம் தவறாமல் டீ அனுப்பிய மூலைக்கடை அக்காவுக்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகளின் முதல் பந்தயம். மேலே பெயர் இல்லாமல் எழுதப்பட்ட எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டவைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் உங்களை விடுவார்கள். ஊசிக் கருவி படிப்பக அலமாரியில் இருக்கிறது, மிச்சமான வினைல் டேப்பும் அதன் கூடவே இருக்கிறது. வீட்டில் யாராவது இப்படி ஒரு தளம் செய்வதாக இருந்தால், நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ஒன்றே ஒன்று: கருவியைக் கீழே போட்டுவிடாதீர்கள், ஊசி வளைந்தால் லேத் அண்ணனை மறுபடியும் பம்புசெட் வேலையிலிருந்து எழுப்ப வேண்டியிருக்கும்.

நன்றியுடன்,
படிப்பக மாடியிலிருந்து