தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி வீக்கம் வடிந்ததா? பிசியோ சொன்னபடி ஐஸ் வைக்கிறாயா? அம்மாவுக்கு "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். பத்து நாளாக அவள் அதையே திறந்து திறந்து பார்க்கிறாள்.

ஹாக்கி அணிப் பட்டியலைப் பார்த்தேன். ரிசர்வில் உன் பெயர் இருக்கிறது. அதுவும் சின்ன விஷயம் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு கோல்கீப்பர் கிருஷன் பாதக் அப்படித்தான் போனார். பெரிய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷையே எடுத்துக்கொள், 2006-லேயே இந்தியாவுக்கு ஆட வந்துவிட்டார். கோல் அவருடைய இடம் என்று ஆக ஐந்தாறு வருஷம் பிடித்தது. 2024-ல் விடைபெறும்போது 336 ஆட்டம், இரண்டு ஒலிம்பிக் வெண்கலம். கோல்கீப்பருக்கு வயது கூடக் கூடத்தான் கண் தெளியும். உனக்கு 24-தான் ஆகிறது. முட்டியைப் பார்த்துக்கொள், அது போதும்.

ஆனாலும் நீ இப்படிப் பேசாமல் இருப்பது சரியில்லை. ஆட்டம் சமனாகி ஷூட்அவுட்டுக்குப் போனதே, ஒவ்வொருத்தனாக 8 வினாடிக்குள் கோல் போட வந்தார்களே, அதில் மூன்றாவது ஆள் வந்தபோது நீ அவசரப்பட்டு மட்டையை நீட்டாமல், அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போய் அந்த 8 வினாடியையும் தின்றுவிட்டாய். ஊதல் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதை உன்னிடம் சொல்லவே இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். 12 வயதில் முதல் ஆட்டம் முடித்து வந்தாய். கழுத்தெலும்புக்குக் கீழே பந்து பட்டு வட்டமாய்க் கன்றியிருந்தது. நான் கேட்டது, "எத்தனை விட்டே?" "மூணுப்பா" என்றாய். எத்தனை தடுத்தாய் என்று அன்றைக்கு மட்டுமல்ல, இன்றுவரை நான் கேட்டதில்லை. எந்த நாட்டிலிருந்து போன் செய்தாலும் முதல் கேள்வி அதேதான். தோற்ற அன்று ராத்திரியும் அதைத்தான் கேட்டேன். நீ பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய். தப்பு என்னுடையதுதான், தம்பி. அக்கறை என்று நினைத்துக்கொண்டு கணக்குக் கேட்டிருக்கிறேன்.

உன் பழைய கால் பேட் இரண்டையும் வெயிலில் காயப்போட்டேன். இடது காலில் வார் இற்றுப்போயிருந்தது, வேறு வைத்துத் தைத்துவிட்டேன்.

ஐஸ் வை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நானே கூப்பிடுகிறேன். எடு.

அப்பா