எதை எண்ணப் போகிறாய், மருமகளே?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு போய்விட்டது, கூடப் படித்தவர்கள் சென்னையில் ஃபிளாட் வாங்கிவிட்டார்கள், 29 வயதில் நான்கு பேரிடம் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் "நான் தோற்றுவிட்டேனா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி முடித்திருப்பேன். ஆனால் நீ ஆறுதலுக்காகக் கேட்கவில்லை என்று தெரிகிறது. அதனால் நான் நம்புவதை எழுதுகிறேன்.

சம்பளம், பதவி, ஃபிளாட்டின் சதுர அடி. உன் கடிதம் முழுக்க இந்தக் கணக்குதான். இவற்றில் ஒன்றையாவது நீ உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தாயா? அலுவலகம் ஒன்றைக் கொடுத்தது, தோழிகள் ஒன்றைக் கொடுத்தார்கள், உன் அப்பா ஒன்றைக் கொடுத்தார். வெற்றி பெறுவது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், எதை எண்ணப் போகிறோம் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். என் கொள்கை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உன் அப்பத்தாவுக்குக் கண்புரை எடுத்த மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியைப் பற்றி உனக்குத் தெரியும். அதைத் தொடங்கியவரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுக் கிராமத்தில் பிறந்தவர். பிரசவத்தில் உறவுப் பெண்கள் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தார், ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். பிரசவம் பார்க்க அந்தக் கைகளால் முடியாது என்றானபோது கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். தன் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகினார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அரசுப் பணியில் மதுரை மருத்துவக் கல்லூரிக் கண் பிரிவின் தலைவராக இருந்தார், பத்மஸ்ரீ வாங்கினார். நீ எழுதியிருக்கும் கணக்கின்படி அங்கேயே முழு மதிப்பெண். 1976இல், 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் எண்ணியது, தவிர்க்கக்கூடிய குருட்டுத்தன்மையோடு வாழ்பவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை திரும்பியது என்பதை. மற்றதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தது. அந்த எண்ணிக்கை ஏற வேண்டுமென்றால் அறுவை செய்பவரின் நேரம்தான் மிக அரிய பொருள். எனவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசைகள்: ஒருவருக்கு அறுவை முடியும்போது அடுத்தவர் தயாராக இருப்பார், மருத்துவர் திரும்பி அமர்ந்தால் போதும். மருத்துவரே செய்ய வேண்டிய தேவையில்லாத வேலைகளுக்குக் கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில்லாதவர் மதுரைக்குத் தனியாக வர முடியாது, ஆகவே முகாம் ஊருக்குப் போனது, பஸ் வைத்து அழைத்துவந்து, சோறு போட்டு, அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

லென்ஸ் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். வயலில் வேலை செய்பவர் அதை உடைத்துக்கொண்டால் மறுபடி இருட்டுதான். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஏழைகளுக்கு எட்டாத விலை. வருமானத்தை எண்ணும் ஆஸ்பத்திரி என்றால், பணம் உள்ளவர்களுக்கு அதை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கும். இவர்கள் 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. எதை எண்ணுகிறோம் என்பது மாறினால் எது பிரச்சினையாகத் தெரிகிறது என்பதும் மாறுகிறது. இதை நான் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பணத்தைப் பற்றி அவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதே. கட்டணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கினார்கள், அதிலேயே கொடுக்க முடியாதவர்களுக்கும் சேர்த்து நடக்கும்படி கணக்கைக் கறாராக வைத்தார்கள். நல்ல காரியம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வரவு செலவு தெரியாமல் இருப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. நீயும் சம்பளத்தைக் கேட்டு வாங்கு. உரிய பணத்தைக் கேட்கக் கூச்சப்படாதே.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே உள்ளே இறங்கியது. தொடக்கத்தில் நகைகளை அடகு வைத்திருக்கிறார்கள். பேர் ஒருவருக்குப் போகிறது, உழைப்பு பலருடையது. அந்த அளவுக்கு உன்னைக் கேட்க மாட்டேன், யாரும் உன்னைக் கேட்கவும் விடாதே. உன் வெற்றிக்கு வீட்டில் யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவர்களும் அறிந்து சம்மதித்துக் கொடுக்க வேண்டும். உன் அம்மா இரவு பதினொரு மணிக்கு உனக்காகச் சோற்றை மறுபடி சூடு செய்துகொண்டிருப்பது எந்த அலுவலகக் கணக்கிலும் வராது.

என் கணக்கையும் கேள். நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றவள். அதிகாரியானால் வெளியூர் மாற்றம் நிச்சயம், அப்போது அப்பத்தா படுத்த படுக்கை, நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். உன் அப்பாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம், எனக்கு இல்லை. ஏனென்றால் நான் எண்ணியது வேறு. எழுதப் படிக்கத் தெரியாத யாரும், தன் பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் என் கவுண்டரிலிருந்து திரும்பக் கூடாது. முதியோர் பணம் வாங்க வரும் கிழவிகளுக்குத் தொகையைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன், கூட வந்தவன் கேட்டுவிடுவான். பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லி, விரலால் எண்ணிக் காட்டச் சொல்வேன். மேலாளர்கள் வரிசை நீள்கிறது என்று கடிந்துகொள்வார்கள், நீளட்டும். யாரும் எனக்கு விருது கொடுக்கவில்லை, ஆனால் அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவு ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை இப்போது அனுபவிக்கிறேன்.

உன் கடிதத்தில் சந்தோஷமாக எழுதப்பட்ட வரி ஒன்றே ஒன்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நீ கற்றுக்கொடுத்தாய், இப்போது அவர்கள் தனியாகவே சமாளிக்கிறார்கள். அதைக்கூட "அதனால்தான் என் வேலை பின்தங்கியது" என்று குறையாக முடித்திருக்கிறாய். அரவிந்த் தன் முறையை மற்ற ஆஸ்பத்திரிகளுக்குக் கற்றுக்கொடுக்கவே ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரி நன்றாக நடந்தால் நமக்கு நஷ்டம் என்று நினைத்திருந்தால் அதைச் செய்திருப்பார்களா? நீ எண்ண வேண்டியது ஒருவேளை அந்த வரியில்தான் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறது, முடிவு உன்னுடையது.

பெங்களூரு வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சம்பளம் கூடுதல் என்பது நல்ல காரணம்தான். நேர்முகத்தில் அவர்களிடம் இரண்டு கேள்வி கேள்: அங்கே புதியவர்களுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள், அந்த நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுப்பார்களா. பதில் சொல்லத் தடுமாறினால், அந்தக் கூடுதல் சம்பளத்துக்கு நீ எதை விற்கிறாய் என்று தெரிந்துகொண்டு போ. இந்த வருடமே ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லி உன் அப்பா நெருக்குவதை நான் பேசி நிறுத்துகிறேன். என் அண்ணன்தானே, நான் சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
அத்தை