மதுரைக் கடை முதலாளிகளுக்கு, அளவு நோட்டிலிருந்து ஒரு மடல்

மதுரை நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு வணக்கம்.

நான் செல்லூரில் ஜாக்கெட் தைக்கிறவள். என் அப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தொழிலோடு ஒரு பழக்கத்தையும் எனக்கு விட்டுப்போனார். யாருக்கு அளவெடுத்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டைப் புரட்டியதில் வந்த வினைதான் இந்த மடல்.

உங்களில் சிலர் கடையின் ஆண்டுவிழாவுக்கு அழகிப் போட்டி நடத்துகிறீர்கள். சிலர், நடத்துகிறவர்களுக்குப் பணம் கொடுத்து பேனரில் பெயர் போட்டுக்கொள்கிறீர்கள். கல்லூரிப் பெண்களுக்கு ஒன்று, கல்யாணமானவர்களுக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 'குட்டி இளவரசி' என்று ஒன்று. அந்த மேடைகளில் ஏறிய கவுன்களில் சில என் கடையில் தைத்தவை. நானும் இதில் சம்பாதித்தவள்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் 19 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பு 29. போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. "26-க்குத் தைங்கக்கா, அதுக்குள்ள இறங்கிருவேன்" என்றாள். நான் 29-க்கே வெட்டி, பிடித்துத் தைக்கும்படி உள்ளே துணி விட்டு வைத்தேன். ட்ரையலுக்கு வந்தபோது 27. முகம் வாடிக் கிடந்தது. கவுனை விரித்துக் காட்ட உள்ளே போடும் கேன்கேன் பாவாடையை மாட்டிக்கொண்டு நின்றவள் தலை சுற்றி, துணி வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வெந்நீரில் எலுமிச்சை, மதியம் வெள்ளரிக்காய், இரவு ஒன்றும் கிடையாதாம். தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "இதுல வெல்லம் இருக்காக்கா?" என்று கேட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் சத்து போதவில்லை. நாம் மேடை போட்டு அதையும் குறைக்க வைக்கிறோம்.

அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. "கொஞ்சம் டஸ்கி, ஆனா நல்ல ஃபீச்சர்ஸ்" என்று, அதாவது நிறம் கம்மி, ஆனால் முகம் லட்சணம் என்று, ஜட்ஜ் ஒருவர் மைக்கிலேயே சொன்னாராம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். சிவப்பழகு க்ரீம் விற்ற கம்பெனியே 2020-ல் தன் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' (வெளுப்பு) என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் ஊர் ஜட்ஜுக்கு அந்த 'ஆனா'வை எடுக்க மனம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே பெண் அம்மாவோடு வந்தாள், முகூர்த்த ஜாக்கெட் தைக்க. அவள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நிறம் கம்மின்னு சொல்லி மாப்பிள்ளை வீட்டுல பத்துப் பவுன் கூடக் கேட்டாங்க. சரின்னுட்டோம்." எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது ஒன்று உறைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் போடும் கணக்கும், உங்கள் ஜட்ஜ் மேடையில் போடும் மார்க்கும் ஒரே தராசில்தான் நிற்கின்றன. மேடையில் குறைந்த மார்க்கை வீட்டில் பவுன் போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். அந்தப் பவுன் உங்கள் கல்லாவுக்குத்தான் வருகிறது. வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நினைத்தால் உங்களுக்கு இதை எழுதியே இருக்க மாட்டேன்.

செலவு யாருடையது என்பதையும் பாருங்கள். நுழைவுக் கட்டணம், மேக்கப், போட்டோ, செருப்பு, என் தையல் கூலி எல்லாம் அந்தப் பிள்ளையின் வீட்டுக் காசு. அவள் உங்கள் நகையைப் போட்டு நடந்த படம் மட்டும் காசில்லாமல் உங்கள் போர்டுக்கு வந்துவிடுகிறது. மாடலைக் கூப்பிட்டிருந்தால் சம்பளம் கொடுத்திருப்பீர்களே.

இதைப் பேசினால், "1996-ல கத்துனவங்க மாதிரி நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா" என்கிறார்கள். அந்த வருடம் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது, அதை எதிர்த்து நம் மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். ஒரு போட்டிக்காக அந்த உயிர் போயிருக்க வேண்டாம். இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. எதிர்ப்புக்குப் பயந்து நீச்சலுடைச் சுற்றை மட்டும் சேஷெல்ஸ் தீவில் வைத்து நடத்தினார்கள். பிறகு 2014-ல், இனி அந்தச் சுற்றே இல்லை என்று அவர்களே அறிவித்தார்கள். அன்று கத்தியவர்களில் பலருக்குப் பண்பாடு கெடுகிறதே என்ற கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. நீங்கள் நடத்துவது பட்டுச்சேலைப் போட்டிதான், உடம்பு முழுக்க மூடித்தான் வருகிறார்கள். அதற்கும் பிள்ளைகள் பட்டினி கிடந்துதான் வருகிறார்கள்.

என் மகள் மனநலம் படிக்கிறாள். பிஜித் தீவைப் பற்றி அவள்தான் சொன்னாள். அங்கே பூசினாற்போல இருப்பதுதான் அழகு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்பதுதான் உபசாரம், நம் ஊர் மாதிரியே. ஒரு மாகாணத்துக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதும், பிறகு 1998-லும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் தடவை ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்றே வருடத்தில் நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள். அது வெறும் டி.வி. பார்த்து வந்தது. நாம் பக்கத்து வீட்டுப் பெண்ணையே மேடையேற்றி மார்க் போடுகிறோம்.

அழகான உடம்புக்கு மார்பு, இடை, இடுப்பு 36-24-36 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். என் நோட்டில் அப்படி ஒரு அளவு வந்ததே இல்லை. ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி, ஒரு பக்கம் பருத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்காகத்தான் எங்களிடம் டேப் இருக்கிறது. இதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம், மதுரைக்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்! பிறந்தபோதே மூன்று மார்போடு இருந்தாள் என்று நாம் கதை சொல்கிற பெண்தானே மீனாட்சி? அம்மா காஞ்சனமாலை கலங்கியபோது, இவளை ஆண்பிள்ளைபோல் வளர்த்து முடிசூட்டு என்றுதானே அசரீரி சொன்னது? நிறம் மரகதப் பச்சை. சித்திரைத் திருவிழாவில் முதலில் பட்டாபிஷேகம், அடுத்து திக்விஜயம், அதற்குப் பிறகுதான் கல்யாணம். (மாப்பிள்ளையைப் பார்த்ததும் மூன்றாவது மறைந்தது என்ற இடம் மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.)

மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெண் பிறந்தால் வீடே எழவு வீடு மாதிரி ஆகிவிடும் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி உங்கள் மேடையில் மைக்கைப் பிடித்து, கை நடுங்க நடுங்க, தான் படிக்க ஆசைப்படுவதைச் சொன்னாள். நான் கீழே உட்கார்ந்து அழுதேன். மேடை கொடுத்தது நீங்கள்தான், மறுக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்கே பரிசு கொடுத்தால் என்ன? உயரம், எடை, சுற்றளவு கேட்கிற ஃபாரத்தைக் கிழித்துப் போடுங்கள். நிறத்தைப் பற்றி மைக்கில் பேசுகிறவரை மறுபடி ஜட்ஜாகக் கூப்பிடாதீர்கள். நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள், படத்தைப் போட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கூலி கொடுங்கள். குட்டி இளவரசியை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். அதில் பேரமே வேண்டாம்.

சித்திரைப் பொருட்காட்சிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு கவுனுக்கு அளவு கொடுக்க வந்தார்கள். பிள்ளைக்கு எட்டு வயது. டேப்பை இடுப்பில் சுற்றியதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வாங்கிக்கொண்டாள். "மூச்சை விடு கண்ணு" என்றேன். விடவில்லை. அம்மாவைப் பார்த்தாள், அம்மா என்னைப் பார்த்தார். தோள், கை, உயரம் எல்லாம் எழுதிவிட்டேன். இடுப்புக்கு நேரே நோட்டில் இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூர் தையல்காரி