மெயின் ரோட்டுல போர்டு வைக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நீங்க எந்த டிபார்ட்மெண்ட்னு எனக்கு இன்னும் பிடிபடல. ரோடு ஒருத்தர்கிட்ட, கோட்டை இன்னொருத்தர்கிட்ட, பக்கத்துல இருக்கற கோயில் வேற ஒருத்தர்கிட்ட, கல்லா மாறிப்போன மரம்னா அது மத்திய சர்க்கார்ல பாறை ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட, அதுக்கு உள்ள போற மண்ரோடு பஞ்சாயத்துகிட்ட. அதனால யார் பேரும் போடல. "இந்தப் பக்கம் திரும்புங்க"னு ஒரு இடத்துக்கு போர்டு வைக்கலாமா வேண்டாமானு முடிவு பண்ற நாற்காலில யார் உக்காந்திருக்கீங்களோ அவங்களுக்கு இது.

நான் ஊர் சுத்தறவ. அப்பாவோட ராஜ்தூத்ல டேங்க் மேல உக்காந்து ஆரம்பிச்ச பழக்கம், அப்புறம் டவுன் பஸ், அப்புறம் ஸ்கூட்டி, இப்ப ஒரு பழைய கார். ஊட்டி கொடைக்கானல்னா எனக்கு அவ்வளவா ஓடாது, யாரும் போகாத இடம்னா சோறு தண்ணி வேண்டாம். ஊருக்கு வெளிய வயக்காட்டுல நிக்கற ஒத்தக் கல், ஆள் இல்லாத கோட்டை, பாதில நிறுத்தின கோயில், இந்த மாதிரி. அங்க போய் வண்டிய நிறுத்தினா முதல்ல ஒரு பெரியம்மா வந்து "குலதெய்வமாம்மா?"னு கேப்பாங்க, இல்லைங்கனு சொன்னா "வேண்டுதலா?"னு கேப்பாங்க, அதுவும் இல்லைனா கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு "எடம் வாங்க வந்தீங்களா"னு முடிப்பாங்க. சும்மா பாக்க வந்தேன்னு சொன்னா இதுவரைக்கும் ஒருத்தரும் நம்பினதில்ல.

அவங்க மேல தப்பில்ல. தன் ஊர்ல இருக்கறத பாக்க வெளியாள் வருவாங்கனு அவங்களுக்கு யாரும் சொல்லல, என்ன இருக்குன்னே பாதி ஊர்ல சொல்லல.

மனோராவையே எடுத்துக்கோங்க. பட்டுக்கோட்டைக்குத் தெக்க, சேதுபாவாசத்திரம் பக்கம், ஈசிஆர்ல போனா கடலோரமா எட்டு அடுக்கு கோபுரம் ஒண்ணு நிக்கும். தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி கட்டினது, எதுக்குனா பிரெஞ்சுக்காரன் நெப்போலியன் தோத்துட்டான்னு பிரிட்டிஷ்காரனுக்கு வாழ்த்து சொல்ல. யோசிச்சுப் பாருங்க, ஐரோப்பாவுல எவனோ எவனையோ ஜெயிச்சான், அதுக்கு நம்ம மீன்பிடிக் கிராமத்துல நினைவுச்சின்னம். அப்ப ராஜாவுக்கு ஆட்சி பண்ண தஞ்சாவூர் கோட்டையும் அத சுத்தி கொஞ்சமும்தான், மத்ததெல்லாம் கம்பெனிகிட்ட போயாச்சு, அந்த நிலைமையில ஒரு மனுசன் இத கட்டறாருன்னா அதுல சந்தோஷம் எவ்வளவு பயம் எவ்வளவுனு அங்க நின்னு கடலப் பாத்துட்டே நான் ரொம்ப நேரம் யோசிச்சிருக்கேன். பல பேர் வாட்டர்லூ வெற்றிக்குனு எழுதறாங்க, ஆனா கல்வெட்டுல இருக்கற வருஷம் 1814, வாட்டர்லூ நடந்தது 1815. நெப்போலியன மொத தடவ எல்பா தீவுக்கு அனுப்பினாங்களே, அந்த சந்தோஷத்துக்கு எழுந்த கோபுரம் இது, ஆளு தீவுல இருந்து திரும்பி வந்துட்டாருங்கற சேதி தஞ்சாவூருக்கு வந்தப்ப ராஜா மூஞ்சி எப்படி இருந்திருக்கும்! இவ்வளவு சுவாரசியமான விஷயத்த அந்த வழியா ராமேஸ்வரம் போற ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் ஒரே வரியில சொல்லிடலாம். "நெப்போலியன் தோத்ததுக்கு தஞ்சாவூர் ராஜா கட்டின கோபுரம், 1814." எவன் நிறுத்தாம போவான்?

நம்ம போர்டு எப்படி இருக்கும்னா, மொதல்ல ஒரு நீலக் கலர் தகரம், அதுல பழைய சின்னங்கள பாதுகாக்கற மத்திய சர்க்காரோட 1958-ம் வருஷச் சட்டம், இல்ல மாநிலத்தோடதுனா 1966-ம் வருஷச் சட்டம், சேதப்படுத்தினா ஜெயில், அபராதம். சரி, அது வேணும், நான் வேண்டாம்னு சொல்லல, கல்வெட்டு மேல காதலி பேர செதுக்கற ஜென்மங்கள நானும் பாத்திருக்கேன். ஆனா என்னத்த சேதப்படுத்தக் கூடாதுனு சொல்லணும்ல? உள்ள வர்றவன கண்ட உடனே மிரட்டிட்டு, எதப் பாக்க வந்திருக்கான்னு மட்டும் சொல்லாம விட்டா எப்படி.

புதுக்கோட்டை நார்த்தாமலைக்குப் போயிருப்பீங்க. போகலனா இந்த ஞாயித்துக்கிழமையே போங்க, வெயிலுக்கு முன்னாடி, பாறை சுட ஆரம்பிச்சா கால் வைக்க முடியாது. மேல விஜயாலய சோழீஸ்வரம்ங்கற சிவன் கோயில். வெளிய சதுரம், உள்ள கருவறை வட்டம். எதிர்ல குடைவரைல ஒரே அச்சுல பன்னெண்டு பெருமாள் வரிசையா நிக்கறாங்க, எதுக்கு பன்னெண்டுனு கேட்டா ஆளுக்கொரு பதில். பேரு சோழன் பேரு, ஆனா அங்க இருக்கற கல்வெட்டு சொல்றது வேற. சாத்தன் பூதிங்கற இளங்கோவதியரையன் கட்டினான், மழையில அது இடிஞ்சு போச்சு, மல்லன் விடுமன்ங்கறவன் புதுப்பிச்சான். அவ்ளோதான், ஒண்ணு ரெண்டு வரி. கட்டினவன் யாரு, என்ன ஆச்சு, சரி பண்ணது யாரு. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி உளி வச்சு வெட்டினவனுக்கு, வர்றவன் என்ன கேப்பான்னு தெரிஞ்சிருக்கு.

இன்னொரு கூத்து விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைல. பௌர்ணமி ஆனா வக்ரகாளியம்மன் கோயிலுக்கு பஸ் பஸ்ஸா ஜனம். அங்கேருந்து கொஞ்சம் தள்ளி ஏறத்தாழ 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லா கிடக்கு, 1781-லயே ஒரு ஐரோப்பிய இயற்கை ஆராய்ச்சியாளர் அதப்பத்தி எழுதிட்டார். எந்த மரத்துக்கும் வேரும் இல்ல கிளையும் இல்ல, ஏன்னா அது அங்க வளர்ந்த மரமே இல்ல, எங்கேருந்தோ வெள்ளம் உருட்டிட்டு வந்து மண்ணுக்குள்ள புதைச்சது. கோயிலுக்கு வந்த கூட்டத்துல கால்வாசி இந்தப் பக்கம் எட்டிப் பாத்தா போதும். சாமி கும்பிட்டு வெளிய வர்ற வாசல்ல ஒரு அம்புக்குறி போடுங்க, செலவு எவ்வளவு ஆகும்?

இங்க ஒரு பயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். நீங்க இந்த லெட்டர படிச்சுட்டு ரொம்ப உற்சாகம் ஆகி, டெண்டர் விட்டு, பேவர் பிளாக் பதிச்சு, ஹைமாஸ்ட் லைட் போட்டு, ஊர்ப்பேருக்கு முன்னாடி சிவப்பு ஹார்ட் வச்சு செல்பி பாயிண்ட் கட்டிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும். தனுஷ்கோடிக்கு 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார்ரோடு வந்துச்சு. அது தப்புனு சொல்லமாட்டேன், முன்னாடி வேன்ல மணல்ல குலுங்கிட்டு போகணும், முட்டிவலிக்காரங்க வரவே முடியாது, இப்ப எங்கம்மாவே வந்து பாத்தாங்க. ஆனா 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆளுங்களோட அலைக்குள்ள போன இடம் அது. இடிஞ்ச சர்ச் முன்னாடி ரீல்ஸ் எடுக்கற பசங்ககிட்ட நான் பேச்சுக் குடுத்துப் பாத்தேன், புயல்னு தெரியுது, ரயில் தெரியல. ரோடு போட்டவங்க நாலு வரியும் போட்டிருந்தா அந்தப் பசங்க வேற மாதிரி நின்னிருப்பாங்கனு நினைக்கறேன்.

அப்புறம் சுமைதாங்கி. இது ரோடு அகலப்படுத்தறவங்களுக்குத் தனியா. ரெண்டு கல் நட்டு மேல ஒரு கல் குறுக்க வச்சிருப்பாங்க, தலைச்சுமையோட நடந்து வர்றவங்க யார் உதவியும் இல்லாம இறக்கி வச்சு இளைப்பாற. வயித்துல பிள்ளையோட செத்துப்போன பொண்ணுங்க நினைவா வச்சது நிறைய, சுமந்த சுமைய இறக்காமலே போயிட்டாளேன்னு. சிலதுல பேரும் வருஷமும் இருக்கும். மதுரை ராணி மங்கம்மா சாலை போட்டாங்க, சத்திரம் கட்டினாங்கனு பாடத்துல படிச்சோம், ஆனா பேர் இல்லாத எத்தனையோ குடும்பம் ரோட்டுக்கு செஞ்சது இந்தக் கல்லுதான். நாலு வழியாகட்டும் எட்டு வழியாகட்டும், ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் நடந்து போய் இதையும் பழைய மைல் கல்லையும் கணக்கெடுத்து, பத்தடி தள்ளி நட்டு வைக்கக் கூடாதா? புளியமரத்துக்கு நம்பர் எழுதத் தெரிஞ்ச நமக்கு இது கஷ்டமே இல்ல.

சாவி விஷயம். எந்த ஊர்னு சொல்லல. குகைக்கு பூட்டு, சாவி வச்சிருக்கறவர் கடலைக்கொல்லைல, போன் நம்பர் யாருக்கும் தெரியாது, கடைசில ஆட்டுக்காரப் பையன் ஓடிப்போய் கூட்டிட்டு வந்தான். வந்தவர் ஒரு சின்ன முகம் பாக்கற கண்ணாடிய எடுத்து வெளிய வெயில்ல பிடிச்சு, வெளிச்சத்த உள்ள கூரை மேல திருப்பி விட்டு, இதோ தாமரை, இதோ மீனுன்னு காட்டினார் பாருங்க, அந்த மாதிரி ஒரு கைடு எங்க காசு குடுத்தாலும் கிடைக்காது. அவருக்கு என்ன சம்பளம்னு கேட்டேன், சிரிச்சார். அவருக்கு ஒழுங்கான சம்பளம், கேட்ல அவர் நம்பர், திறக்கற நேரம். இவ்வளவுதான் கேக்கறேன்.

பாத்ரூம் பத்தி ஒரு பாரா எழுதினேன், அழிச்சிட்டேன். பொம்பளைங்களோட ரோட்ல போன எல்லாருக்கும் அது தெரியும், உங்க வீட்டுலயும் கேட்டுப்பாருங்க.

போர்டுக்கு வாசகம் எழுத ஆள் இல்லைனு மட்டும் சொல்லிடாதீங்க, காசு வேண்டாம், நானே எழுதித் தர்றேன். சாம்பிளுக்கு ஒண்ணு, பெரம்பலூர் பக்கம் திருச்சி ரோட்டுல சாத்தனூருக்குத் திரும்பற இடத்துல வைக்க:

"இங்க திரும்புங்க. 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்துச்சு. அந்தக் காலத்து மரம் ஒண்ணு கல்லா மாறி 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கு. 1940-ல புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அடையாளம் கண்டு சொன்னார். பிள்ளைங்கள இறக்கி விட்டு காட்டுங்க. கழிப்பறை உண்டு."

கடைசி வரிய கழிப்பறை கட்டின பிறகு எழுதினா போதும்.

இப்படிக்கு,
திருச்சியில இருந்து ஒரு ஊர்சுத்தி

பி.கு: பெயிண்டர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ஊர்ப்பேர அந்த ஊர்க்காரங்க யார்கிட்டயாவது ஒருதரம் படிச்சுக் காட்டிடுங்க.