வெளிநாட்டு சைக்கிள் டயரும் வாசலில் நீட்டப்படும் கூரியர் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட், லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களில் ஞாயிறு விடிந்தால் போதும், பையன்களும் பெண்பிள்ளைகளும் ரேசிங் சைக்கிளோடு சாலையில் இறங்கிவிடுகிறார்கள். பார்க்கவே மனம் நிறைகிறது. ஆனால் ஜெர்மனி, இங்கிலாந்து இணையக் கடைகளில் 40 விழுக்காடு கழிவு என்று வாங்கிவிட்டு, கூரியர்காரர் நீட்டும் கணக்கைப் பார்த்து வாயடைத்துப் போகிறவர்கள் பலர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது. இந்தக் கணக்கில் ரகசியம் ஒன்றும் இல்லை. வாங்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அதைச் சொல்லவும், கூரியர் நிறுவனங்களிடம் ஒன்று கேட்கவும் இந்தக் கடிதம்.

முதலில் விலை. ஜெர்மன் கடையில் தெரியும் விலையில் அந்நாட்டின் 19 விழுக்காடு வரி அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் அது 20 விழுக்காடு. மலேசியாவுக்கு ஏற்றுமதியாகும் பொருளுக்குக் கடைக்காரர் அந்த வரியைக் கழித்துவிடலாம். அதற்காக 100 யூரோ டயர் 81 யூரோவாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். 100ஐ 1.19ஆல் வகுக்க வேண்டும். 84 யூரோ வரும். முகவரியில் மலேசியா என்று தேர்ந்த பிறகும் விலை இறங்கவில்லை என்றால், அந்தக் கடை வரியைக் கழிப்பதில்லை என்று பொருள். வேறு கடை பாருங்கள்.

அடுத்தது நம் நாட்டு வரி. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு செய்த வெளிநாட்டுக் கடை பணம் கட்டும்போதே இதை வசூலித்துவிடும். அனுப்பும் செலவைச் சேர்க்காமல் பொருளின் விலைக்கு மட்டுமே இந்த வரி. இறக்குமதி வரிக்குக் கணக்கு வேறு. அங்கே பொருளின் விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டிய தொகையைத்தான் சுங்கத்துறை பார்க்கும். கூரியரில் வரும் பொட்டலத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை 500 வெள்ளியைத் தாண்டாத வரை இறக்குமதி வரி விலக்கு உண்டு. இந்த இரண்டு 500ஐயும் ஒன்று என்று எண்ணித்தான் பெரும்பாலானோர் இடறி விழுகிறார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை 5 வெள்ளியாகவும், அனுப்பும் கட்டணத்தை 20 யூரோவாகவும் வைத்துக்கொள்வோம். 45 யூரோ போட்ட மடிப்பு டயர், வரி கழிந்தால் 37.80 யூரோ, அதாவது 189 வெள்ளி. ஒரே டயர் வாங்கினால் 189, அனுப்பும் செலவு 100, விற்பனை வரி 19, ஆக 308 வெள்ளி. இரண்டாக வாங்கினால் 378, 100, 38 சேர்த்து 516. ஒன்று 258 வெள்ளிக்கு வந்துவிடுகிறது. சுங்கத்துறை பார்க்கும் தொகை 478தான், 500க்குள் அடங்கிவிட்டது. 'அனுப்பும் செலவு ஒன்றுதானே, மூன்றாக வாங்கலாமே' என்று ஆசைப்பட்டால் அந்தத் தொகை 667 ஆகிவிடும். விலக்கு போய்விடும், சுங்கப் பாரம் நிரப்ப வேண்டும், வரியை உங்கள் சார்பில் முன்கூட்டிக் கட்டியதற்கு கூரியர் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். நண்பர்கள் சேர்ந்து வாங்கும்போது அதிகம் நடப்பது இதுதான். நான்கு பேர் சேர்ந்தால் மலிவு என்று தோன்றும். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நான்கு பேருக்கும் நட்டம்.

இதற்காக விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும், 'அன்பளிப்பு' என்று போடச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். பொய் விவரம் கொடுப்பது 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி குற்றம். பொட்டலம் தொலைந்தாலும் எழுதிய குறைந்த தொகைக்குத்தான் காப்புறுதி கிடைக்கும்.

இனி அனுப்பும் கட்டணம். தராசு காட்டும் எடைக்குத்தான் காசு என்று பலர் நம்புகிறார்கள். விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு. அதனால் பெரிய கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கின்றன. வரும் எண்ணும் உண்மையான எடையும், எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். ஒரு தலைக்கவசம் 300 கிராம்தான். அதன் பெட்டி 34க்கு 28க்கு 22 என்றால் கணக்கு 4.19 கிலோ, அதை ஏற்றி 4.5 கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். சக்கர ஜோடியின் நிலைமை இன்னும் மோசம். 72க்கு 72க்கு 26 பெட்டி 27 கிலோ கணக்கில் நிற்கும், உள்ளே இருப்பது இரண்டு கிலோகூடத் தேறாது. சப்பாத்தின் பெட்டி இரண்டரைக் கிலோவைத் தொடும். பெட்டி இல்லாமல் பையில் சுற்றி அனுப்பச் சொன்னால் சில கடைகள் கேட்கும், சில கேட்காது.

ஆகவே தூரத்திலிருந்து வாங்கத் தோதானவை சிறியதாக, கனமற்று, மடிக்க முடிந்தவையாக இருக்க வேண்டும்: மடிப்பு டயர், செயின், கேசட் (பின் சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு), பிரேக் பேட், கைப்பிடி டேப், ஜெர்சி. டயர் பட்டியலில் மடிப்பு என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கம்பி வளையம் வைத்த டயர் மடியாது. அதே ரப்பர் நாலு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். சக்கரம், தலைக்கவசம், சப்பாத்து ஆகியவற்றை ஈப்போவில் போட்டுப் பார்த்து வாங்குவதே மேல். முழு சைக்கிளை வரவழைக்க நினைப்பவர்கள், ரேசிங் சைக்கிளுக்கு 2025 ஜூலை 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் பாலையும் இங்கேயே வாங்குங்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. பாதி விலை அனுப்பும் செலவிலேயே போய்விடும். அந்தப் போத்தலைத் திறந்தால் வரும் அமோனியா வாடை நம் தோட்டத்துப் பால் கொட்டகையை அறிந்தவர்களுக்குப் பழக்கமானது. அதில் பல வகைகள் ரப்பர் பாலில்தான் செய்யப்படுகின்றன. நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

பணம் போவதில் பெரிய ஓட்டை வரியில்கூட இல்லை, பொருந்தாத பொருளில்தான். திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். 150 வெள்ளிச் சாமானைத் திருப்ப 120 வெள்ளி என்றால் யார் அனுப்புவார்? மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் '20 அங்குல டயர்' என்று தேடி வாங்குகிறார்கள். 20 அங்குலத்தில் இரண்டு அளவு உண்டு, 406, 451. ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறவே ஏறாது. ஈரத்துணியால் பழைய டயரின் பக்கச்சுவரில் படிந்த செம்மண்ணைத் துடையுங்கள். புடைத்த எழுத்தில் 28-406 என்பதுபோல இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். ரேசிங் சைக்கிளின் 700 என்ற அளவுக்கும் மலைச் சைக்கிளின் 29 அங்குலத்துக்கும் அது 622, 27.5க்கு 584, பழைய 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு 559.

கேசட் வாங்கும்போது எத்தனை கியர் என்பது மட்டும் போதாது. பின் சக்கரத்தின் ஃப்ரீஹப், அதாவது கேசட் ஏறி உட்காரும் உருளை, ஷிமானோ வகையா, ஸ்ராம் எக்ஸ்டிஆர் வகையா, கம்பக்னோலோவா என்று பாருங்கள். ஷிமானோவிலேயே 11 கியர் ரேசிங் ஃப்ரீஹப் பழைய 10 கியரைவிட 1.85 மில்லிமீட்டர் அகலம் கூடியது. பழைய கேசட்டைப் புதியதில் போடலாம், 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்றும் வைக்க வேண்டும். புதிய 11 கியர் ரேசிங் கேசட்டைப் பழைய ஃப்ரீஹப்பில் போட்டால் பூட்டு வளையம் பிடிக்காது. பெடல் அச்சின் பேரிங் கப்பில் 1.37க்கு 24 என்று பொறித்திருந்தால் ஆங்கிலத் திருகு, 36க்கு 24 என்றால் இத்தாலியத் திருகு. பிரேக் பேடின் இரும்புத் தகட்டின் பின்புறம் குறியீட்டு எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பறக்க விடாத பொருள்களும் உண்டு. காற்றடைக்கும் சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பி, ஸ்ப்ரே எண்ணெய், தனியாக வரும் லித்தியம் பேட்டரி எல்லாம் விமானத்தில் அபாயப் பொருள் வரிசையில் சேரும். கூடையில் போடும்போது ஏற்றுக்கொள்ளும் சில கடைகள், பணம் கட்டும்போது அதை நீக்கிவிடும். இலவச அனுப்புதலுக்கென்று கூட்டிய தொகை அதனால் குறைந்து, இலவசமும் போகும்.

பணம் கட்டும் பக்கத்தில் 'ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவிலேயே கட்டுங்கள். அந்த மாற்று விலை பெரும்பாலும் வங்கி கொடுப்பதைவிட மோசமாக இருக்கும். வங்கிக்கணக்கில் நேரடியாகப் போடாமல் கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட வழி உண்டு. நம்மவர்கள் பலர் நம்பியிருந்த விகிள், செயின் ரியாக்‌ஷன் என்ற பிரிட்டிஷ் கடைகளே 2023 அக்டோபரில் திவால் நிர்வாகத்தின் கீழ் போயின. பெரிய பெயர் என்பதால் மட்டும் எந்தக் கடையிலும் பணத்தை முடக்க வேண்டாம். பழைய கடைப் பெயரைக் காட்டி எண்பது விழுக்காடு கழிவு என்று கூவும் தளத்தை விட்டு விலகுங்கள்.

தோட்டத்து முகவரி தனிச் சிக்கல். லயன் வீட்டுக்குத் தெருப்பெயர் இல்லை, பொட்டலம் தோட்ட அலுவலகக் கிராணி மேசையில் கிடக்கும் அல்லது திரும்பிப் போகும். டவுனில் தெரிந்த கடையின் முகவரியை அனுமதியோடு கொடுங்கள். 31100 என்ற அஞ்சல் குறியீட்டையும், முன் சுழியத்தை விட்டு 60 சேர்த்த கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள். அந்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

கூரியர் நிறுவனங்களுக்கு என் கோரிக்கை இதுதான். வாசலில் தரும் சீட்டில் இறக்குமதி வரி எவ்வளவு, விற்பனை வரி எவ்வளவு, உங்கள் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒரே தொகையாக எழுதினால், கடையிலேயே கட்டிய 10 விழுக்காடு மறுபடியும் பிடிக்கப்பட்டதா என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? சுங்கத்துறை இந்த விதிகளைத் தமிழிலும் ஒரு பக்க விளக்கமாக வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். அதுவரை வாசகர்கள், கடையின் வரிப் பதிவு எண் அச்சிட்ட விலைப்பட்டியலைக் கைப்பேசியில் வைத்திருங்கள். பொட்டலத்தைக் கையெழுத்திட்டு வாங்குமுன் அதைக் காட்டி, சுங்கப் பாரத்தின் நகலைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்