போரா குகையின் பசுவும் சுண்ணாம்பு நீரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு மட்டும் போரா குகைப் படிகளின் புண்ணியத்தில் முழங்கால் இன்னும் மக்கர் பண்ணுகிறது. நேற்று போனில் பசு மாட்டுக் கதையை ஆரம்பித்ததுமே, "கட்டுக்கதையெல்லாம் வேண்டாம்மா, கல்லைப் பற்றிச் சொல்லு" என்று வெட்டிவிட்டாய். அதற்குள் உனக்கு மீட்டிங் வேறு. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

கதை இதுதான். ஆந்திராவின் அனந்தகிரி மலையில், குகைக்கு நேர் மேலே மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு, நிலத்திலிருந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தேடி இறங்கிய இடையன் இருட்டுக்குள் ஒரு லிங்கத்தைக் கண்டான். பசுவைக் காப்பாற்றியது அந்தச் சிவன்தான் என்று ஊரார் கோயில் எழுப்பினார்கள். லிங்கத்துக்கு மேலே பசு வடிவில் ஒரு கல் இருக்கிறது. அதன் மடியிலிருந்து கசியும் நீர்தான் கோஸ்தனி ஆறாகி, பீமுனிப்பட்டினத்தில் கடலில் சேர்கிறது என்பார்கள். சிவராத்திரிக்குச் சுற்றுவட்டாரப் பழங்குடி மக்கள் இங்கே திரண்டு வருகிறார்கள்.

இனி நீ கேட்ட கல். பள்ளியில் சுண்ணாம்பு நீருக்குள் குழல் வைத்து ஊதினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஊத ஊதப் பால் போல வெளுக்கும். அதோடு சோதனை முடிந்தது என்று எல்லாரும் நோட்டை மூடிவிடுவீர்கள். விடாமல் ஊதினால் அந்த வெண்மை மறைந்து நீர் மறுபடி தெளிந்துவிடும். வெண்மையாகத் தெரிந்த கால்சியம் கார்பனேட், மூச்சில் கூடுதலாக வரும் கார்பன் டை ஆக்சைடுடனும் நீருடனும் சேர்ந்து பைகார்பனேட்டாகிக் கரைந்துபோகிறது. குகையைக் குடைந்தது இந்த இரண்டாம் பாதிதான். மழைநீர் காற்றில் கொஞ்சமும், மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுவதில் நிறையவுமாகக் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, அதே கால்சியம் கார்பனேட்டாலான சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி அரித்தபடியே போகிறது. அந்த நீர் குகைக் கூரைக்கு வந்து சொட்டும்போது வாயு வெளியேறிவிடும். கரைந்தது மறுபடி கல்லாகப் படியும். கூரையில் தங்குவது கல்விழுது. சொட்டு விழும் இடத்திலிருந்து எழும்புவது கல்முளை. இரண்டும் எட்டிப் பிடித்துக்கொண்டால் கல்தூண்.

வழிகாட்டிப் பையன் டார்ச்சை ஒரு சின்னக் கல்விழுதின் நுனியில் பிடித்தான். சொட்டு ஒன்று அங்கே தொங்கியது. விழப்போகிறது என்று நினைத்தால் விழவில்லை. கொஞ்சம் நீண்டது, நடுங்கியது, அப்படியே நின்றது. பின்னால் வந்த கூட்டம் நெருக்கியது. நான் நகரவே இல்லை. கடைசியில் அது விழுந்ததும், நுனியின் விளிம்பில் ஈரமாக ஒரு மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தது. பொதுவாக இவை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வளர்ந்தாலே பெரிது.

இப்போது அந்த இடையனிடம் திரும்பி வா. கூரையில் ஓட்டை உண்மையாகவே இருக்கிறது; பாறை இடிந்து திறந்த வழி. அவன் கண்ட லிங்கம் ஒரு கல்முளை. அதற்கு மேலே சொட்டுகிற மடி ஒரு கல்விழுது. எது எதற்கு நேர் மேலே இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதையெல்லாம் கதை சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஒன்றுதான் அவன் கணக்கில் இல்லை. செய்முறைத் தேர்வில் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை, தெரியுமா? நீ கட்டுக்கதை என்று தள்ளுவதை நான் களக்குறிப்பு என்பேன்.

அவனுக்கும் முன்னால் இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஆந்திரப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது இடைப் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்தன. அவற்றின் வயது 30,000 முதல் 50,000 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். அந்த ஆட்களும் இதே கற்களைப் பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். இப்போதைய வழிகாட்டிகள் முனிவரின் தாடி, முதலை, மனித மூளை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மூளை பரவாயில்லை. முதலை என்று காட்டியதை அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடிக்காதது வண்ண விளக்குகள். பச்சையும் ஊதாவுமாகக் கொட்டி, கல்லின் சொந்த நிறத்தையே அமுக்கிவிடுகிறார்கள். விளக்கு வெளிச்சம் படும் ஈரப்பாறையில் பாசியும் பிடிக்கும். போதாததற்குப் போகிற வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள். கை எண்ணெய் ஒட்டிய இடத்தில் கல் சரியாகப் படியாது. வளர்ச்சி நின்றே போகலாம். உன் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வை. அவளுக்கு எதையும் தொடாமல் இருக்க முடியாது.

டிசம்பரில் வரும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போவோம். காரில் வேண்டாம், விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் ரயிலில் போகலாம். சத்தீஸ்கரின் பைலாடிலா மலை இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வரும், சின்னவள் ஒவ்வொன்றிலும் கத்தட்டும். கண்ணாடிக் கூரைப் பெட்டியில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் லீவு உறுதியானதும் உடனே சொல். வழுக்காத செருப்பு எடுத்து வா. உள்ளே வௌவால் எச்ச நாற்றம் இருக்கும், உனக்கு ஒரு கைக்குட்டையும். வெளியே மூங்கில் குழாய்க்குள் வைத்துச் சுடும் கோழி விற்கிறார்கள், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும்: அவளிடம் முதலில் பசுவின் கதையைச் சொல்கிறவள் நான்தான். கார்பனேட்டை நீ பிறகு சொல்லிக்கொள்.

அன்புடன்,
அம்மா